4 ஜிபி லேப்டாப்பும் ஒரு போனும் வைத்துக்கொண்டு ஊரைப் பற்றி எழுத எந்த இலவச மென்பொருள்கள் போதும்?

சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரைச் சுற்றியிருக்கும் நடுகற்கள், கைத்தறி, பாட்டிமார் பாடும் கும்மியும் ஒப்பாரியும், இவற்றைப் பற்றி வலைப்பூ எழுத ஆசை; கையில் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், ஒரு ஆண்ட்ராய்டு போன்; செலவு செய்ய வழியில்லை; இணையத்தில் தேடினால் இலவச மென்பொருள் என்று நீள நீளமாகப் பட்டியல் வருகிறது, எதை எடுப்பது எதை விடுவது என்று புரியவில்லை; நண்பர் ஒருவர் போட்டோஷாப்பைக் கிராக் செய்து போட்டுத் தருகிறேன் என்கிறார், போடலாமா? தம்பிக்குப் பறவை பார்க்கும் பழக்கம், அவனுக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று கடைசியில் ஒரு வரி. இன்னொரு பட்டியல் கொடுத்தால் இவருக்கு எதுவும் தீராது. இந்த மெஷினில் எது ஓடும், எதைக் கற்றுக்கொண்டால் உழைப்பு வீணாகாது, பத்து வருடம் கழித்தும் எழுதியது கையில் இருக்குமா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் ஈரோட்டில் அச்சகங்களுக்கு டிடிபி (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்து கொடுத்து வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், காதணி விழா அழைப்பு, கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை என்று பல வருடப் பழக்கம். அதனால் நான் சொல்வதில் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு பற்றியவை கைப்பழக்கத்தில் வந்தவை. ஆப்பிள் பக்கம் எனக்குப் பழக்கமில்லை, அதை விட்டுவிடுகிறேன். இந்தத் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கிற ஒரு காட்சி உண்டு. கோயில் கமிட்டிக்காரர்கள் பழைய சிடி ஒன்றைக் கொண்டுவந்து, போன கும்பாபிஷேக மலரில் வந்த தலபுராணக் கட்டுரையை அப்படியே எடுத்துப் போட்டுவிடுங்கள் என்பார்கள். உள்ளே பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல் இருக்கும். பேஜ்மேக்கர் இன்று பெரும்பாலான மெஷின்களில் இல்லை. எப்படியோ திறந்தாலும் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும், ஏனென்றால் அது பாமினி மாதிரி ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்தது. எழுதியவர் காலமாகியிருப்பார், கையெழுத்துப் பிரதியும் இருக்காது. ஒரு ஊரின் வரலாறு இப்படி ஒரு ஃபைலுக்குள் மாட்டிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்துத்தான், எந்தக் கருவியையும் நான் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டு எடைபோடுகிறேன்: உள்ளே போட்டதை நாளை நான் வேறொரு கருவிக்கு எடுத்துக்கொண்டு போக முடியுமா? இலவசமா இல்லையா என்பது எனக்கு அதற்கு அடுத்ததுதான்.

(இடையில் ஒரு தகவல். அப்படிப்பட்ட பேஜ்மேக்கர் ஃபைல் யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் (மைக்ரோசாப்ட் ஆபீஸ் மாதிரியான இலவச மென்பொருள்) அவற்றில் பலவற்றைத் திறக்கும். பக்க அமைப்பு கலைந்திருக்கும், ஆனால் எழுத்து வெளியே வந்துவிடும். அதை என்எச்எம் கன்வர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ போட்டால், எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாறிவிடும். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.)

முதலில் அந்தக் கிராக் விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். சட்டம், நியாயம் என்ற காரணங்கள் இருக்கட்டும், உங்கள் வேலைக்கே அது ஆகாது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் கைமாறிக்கொண்டிருக்கும் கிராக் பிரதிகள் பெரும்பாலும் 2002-இல் வந்த போட்டோஷாப் 7.0 மாதிரி பழையவை. அவற்றில் யூனிகோடு தமிழை அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். அதனால் மறுபடியும் பழைய எழுத்துருவுக்கே போவீர்கள், மேலே சொன்ன சிக்கலுக்கே திரும்பி வருவீர்கள். புதிய பிரதியின் கிராக் என்றால் ஆபத்து வேறு மாதிரி. இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை நிறுத்து என்று கேட்கும். ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் உலகம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் இந்தக் கிராக் வழியாகத்தான். ஒரு ராத்திரியில் எல்லாப் படங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். பிரௌசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்துப் போகும் வகையும் உண்டு. ஒருதரம் மட்டுமே பாடிப் பதிவான பாட்டை வைத்திருக்கிற மெஷினில் இந்த விளையாட்டு கூடாதுங்க.

இலவசம் என்று வருவதிலும் இரண்டு ரகம் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று கட்டற்ற மென்பொருள்: லிப்ரே ஆபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், ஆடாசிட்டி மாதிரி. மூலநிரல் திறந்தே இருக்கும், யாரும் எடுத்து வளர்க்கலாம், நிறுவனம் மூடினாலும் வேறு யாராவது தொடருவார்கள். ஓப்பன் ஆபீஸ் 2010-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனபோது, அதில் வேலை செய்தவர்களே பிரிந்துபோய் அதே நிரலிலிருந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். இன்று ஓடுவது அதுதான். மற்றது காசு வாங்காத சேவை: கேன்வா, பிளாக்கர், கூகுள் டாக்ஸ், போட்டோபியா. இவையும் நல்லவைதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவர்கள் நினைத்த அன்றைக்கு மூடலாம். யாகூ 2009-இல் ஜியோசிட்டீஸை மூடியது, கூகுள் பிளஸ் 2019-இல் போனது. உங்கள் மூலப் பிரதி முதல் ரகத்தில் இருக்கட்டும், பரப்புவதற்கு இரண்டாவது ரகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தட்டச்சு. இதை மட்டும் சரியாகக் கற்றுக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும் என்பது என் உறுதியான எண்ணம். யூனிகோடைத் தவிர வேறு எதிலும் ஒரு வரிகூட அடிக்காதீர்கள். கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. விசைப்பலகையில் தமிழ் 99 என்ற எழுத்து அமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். இடது கையில் உயிர், வலது கையில் மெய், புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். அம்மா என்று அடிக்க நான்கு தட்டுதான். முதல் இரண்டு வாரம் கை தடுமாறும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுவது உடனே வந்துவிடும், ஆனால் ள, ற, ண மாதிரி எழுத்துகளுக்கு ஷிப்ட்டைத் தேடித் தேடி நீளமான கட்டுரையில் கை சோர்ந்துபோகும். ஏற்கெனவே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் பாஸ் செய்தவர் என்றால் புதிதாக எதுவும் கற்க வேண்டாம், என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. அது காசில்லாமல் கிடைக்கிறது, மிகச் சிறியது. அதே வேலையைச் செய்யும் இ-கலப்பை, கீமேன் இரண்டும் கட்டற்றவை. விண்டோஸ் 11-இல் தமிழ் 99 உள்ளேயே வந்துவிடுகிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை போதும், செல்லினம் செயலி பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம்.

மெஷினைப் பற்றி. அதில் விண்டோஸ் 10 இருந்தால், மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப் பெரும்பாலும் 11-க்கு ஏறாது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபியில் நன்றாகவே ஓடும். பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம், ஒலி, வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் கீழே சொல்லும் கட்டற்ற மென்பொருள்கள் எல்லாம் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கும். எப்போதாவது கொஞ்சம் காசு கையில் வந்தால், எந்த மென்பொருளுக்கும் கொடுக்காமல் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். அதைவிடப் பெரிய மாற்றம் வேறு எதிலும் வராது.

எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர். பிரௌசரில் நேரடியாக வலைப்பூவின் எடிட்டருக்குள் எழுதும் பழக்கம் வேண்டாம், கரண்ட் போனால் கட்டுரையும் போகும். எழுத்துப் பிழை பார்க்க நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, சந்திப் பிழைக்கு அவருடைய நாவி, இரண்டும் இணையத்தில் இலவசம், ஒற்று மிகும் இடம் மிகா இடம் சந்தேகம் வரும் எல்லோருக்கும் நாவி பெரிய உதவி. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒறம்பரை, பொடக்காலி, வெசனம், கட்டுத்தரை என்று நம் பக்கத்துப் பேச்சை எழுதும்போது எந்தத் திருத்தியும் அடியில் சிவப்புக் கோடு போடத்தான் செய்யும், குரலில் சொல்லித் தட்டச்சு செய்தால் வேறு சொல்லாகவே மாற்றிவிடும். கருவிக்குத் தெரியாத சொல் என்பதற்காக அதை மாற்றிவிடாதீர்கள். ஒரு தறிக்காரர் தன் தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் சொல்லும் பெயரை அவர் வாயில் வந்தபடியே எழுதி வையுங்கள், லிப்ரே ஆபீஸில் அந்தச் சொல்லை அகராதியில் சேர் என்று கொடுத்தால் அடுத்த முறை கோடு வராது. இந்த மாதிரி எழுத்தைத் தேடி வரப்போகிறவர்கள் அந்தச் சொல்லுக்காகத்தான் வருவார்கள்.

ஒலிப்பதிவுதான் நீங்கள் கேட்டதிலேயே முக்கியமானது, நடுகல் அங்கேயேதான் இருக்கும், பாட்டி இருக்க மாட்டார். மென்பொருள் ஆடாசிட்டி, 2000-இலிருந்து இருக்கிறது, 4 ஜிபி மெஷினில் தாராளமாக ஓடும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். போனை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ரெக்கார்டர் செயலியில் ஒலியைச் சுருக்காத வேவ் வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிமெண்ட் சுவர் உள்ள அறை எதிரொலிக்கும், சென்னிமலையில் உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, பெட்ஷீட் அடுக்கி வைத்திருக்கும் அறையில் உட்கார வையுங்கள், துணி எதிரொலியைக் குடித்துவிடும். பதிவைத் தொடங்கியதும் யாரும் பேசாமல் சில நொடி விடுங்கள். ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பு அந்த மௌனத்தில் உள்ள இரைச்சலைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டு மீதிப் பதிவு முழுவதிலும் அதைத் தணிக்கும். இதற்கு ஒரு எல்லை உண்டு. மின்விசிறி, மோட்டார் மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலைத்தான் அது எடுக்கும். தறிச் சத்தம் அடித்து அடித்து விட்டு விட்டு வருவது, அதை எடுக்கப் போனால் பாடுகிறவரின் குரலும் தகரம் மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீட்டுத் தறியையும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், நல்ல காரியத்துக்கு என்றால் நிறுத்துவார்கள். தறிச் சத்தத்தைத் தனியாக ஒரு பதிவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குழித்தறியின் ஓசையும் இன்னும் எத்தனை நாளைக்கோ.

எடுத்த மூலப் பதிவில் கை வைக்கவே கூடாது. பிரதி எடுத்து அதில்தான் வெட்டுவது, தணிப்பது எல்லாம். வலைப்பூவில் போட எம்பி3 போதும், மூலத்தை வேவ் ஆகவோ, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஆகவோ வையுங்கள். போனிலிருந்து லேப்டாப்புக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால்தான் உள்ளது உள்ளபடி போகும். கேபிள் போட்டு எடுப்பது எல்லாவற்றையும்விட நல்லது. பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்குவதற்கு ஓட்ரான்ஸ்கிரைப் என்ற இணையக் கருவி இருக்கிறது, ஒரே பக்கத்தில் ஒலியும் எழுதும் இடமும் வரும், நிறுத்த, பின்னால் போக, வேகம் குறைக்க எல்லாம் விசைப்பலகையிலேயே. ஒப்பாரியை அரை வேகத்தில் போட்டுக் கேட்டால்தான் சில சொல் பிடிபடும்.

படங்களுக்கு வருவோம். நடுகல்லை உச்சி வெயிலில் எடுத்தால் எந்த மென்பொருளாலும் அதைக் காப்பாற்ற முடியாது. காலை ஏழு மணி, மாலை ஐந்து மணிச் சாய்வெயிலில் செதுக்கு வேலை தானாக எழுந்து நிற்கும். மரத்தடியில் இருக்கிற கல் என்றால் இருட்டின பிறகு போய், போனை ஓரிடத்தில் அசையாமல் வைத்துவிட்டு இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம், மேல்பக்கம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு படம். தேய்ந்த எழுத்து அப்படித்தான் தெரியும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லின் மேல் பூசாதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து ஒரு படமாவது எடுங்கள். பிறகு போனிலேயே ஸ்னாப்சீடு என்ற படச் செயலியில் வெளிச்சம், நுணுக்கம் கொஞ்சம் ஏற்றினால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் வேண்டுமானால் லேப்டாப்பில் கிம்ப். நிறத்தை எடுத்துவிட்டு, இருட்டையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் லெவல்ஸை நெருக்கிப் பிடித்தால் கல்வெட்டு வரிகள் தெளிவாகும். கிம்ப்பில் யூனிகோடு தமிழ் உடையாமல் வரும், போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலையும் ஓரளவு திறக்கும். கிம்ப் கனமாக இருந்தால் பிரௌசரில் ஓடும் போட்டோபியா, கட்டற்றது இல்லை, விளம்பரம் வரும், ஆனால் போட்டோஷாப் பழகிய கைக்கு உடனே பிடிபடும்.

வலைப்பூவில் ஏற்றும் முன் படத்தைச் சிறிதாக்குங்கள். போன் படம் ஒன்று பல எம்பி இருக்கும். நீளப் பக்கம் 1600 பிக்சலுக்குக் குறைத்து, ஜேபெக் தரம் 80 வைத்தால் சில நூறு கேபியில் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்கூஷ் என்ற இணையக் கருவி இதைப் படத்தை எங்கேயும் அனுப்பாமல் உங்கள் மெஷினிலேயே செய்து தரும். நூறு படம் ஒரேயடியாக என்றால் எக்ஸ்என்கன்வர்ட். பனியன் கம்பெனி ஷிப்டு முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து போனில் படிப்பவர்தான் உங்கள் வாசகர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் டேட்டாவை நீங்கள் வீணாக்கக் கூடாது.

பழைய புத்தகப் பக்கத்தை எழுத்தாக மாற்றுவதற்குப் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸ் கொண்டு திறந்தால் தமிழ் எழுத்து வந்துவிடும். கட்டற்றது வேண்டும் என்றால் டெசராக்ட், அதற்கு ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பு இருக்கிறது. அச்சு தெளிவாக இருந்தால் இரண்டும் நன்றாகப் படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய லை, ணை, றா, னா வரும் இடங்களில் தப்பு நிறைய இருக்கும், ஒரு பக்கத்தை மெய்ப்புப் பார்க்க எடுக்கும் நேரத்தில் நீங்களே அடித்துவிடலாம். ஸ்கேன் செய்ய உட்காருவதற்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், நிறைய இருக்கிறது.

எங்கே போடுவது? தொடங்குபவருக்கு நான் பிளாக்கர் என்றே சொல்வேன். 2003-இலிருந்து கூகுளின் கையில் இருக்கிறது, புதிதாகப் பெரிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை, பழைய வீடு மாதிரிதான், ஆனால் காசு கேட்காது. வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசக் கணக்கு பார்க்க அழகு, இடம் 1 ஜிபிதான், அவர்களுடைய விளம்பரமும் வரும். வேர்ட்பிரஸ் மென்பொருளையே இறக்கிச் சொந்த இடத்தில் போடுவது மென்பொருள் அளவில் இலவசம், இடத்துக்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டும், அப்டேட் பார்க்காமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். முதல் வருடம் அது வேண்டாம். எதில் எழுதினாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பிளாக்கருக்கு, கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் இருக்கிறது. எழுத்து வரும், படங்களின் மூலத்தை நீங்கள்தான் தனியாக வைத்திருக்க வேண்டும். இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்துக் காக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒவ்வொரு பதிவின் முகவரியையும் கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம், ஒரு நிமிட வேலை. கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். இரண்டு வருடம் உள்ளே நுழையாத கணக்கை நீக்கும் வழக்கத்தைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து வைத்திருக்கிறது, அதனால் அந்தப் பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வடிவமைப்பு, வீடியோ இரண்டையும் சுருக்கமாக முடிக்கிறேன். தலைப்புப் படத்துக்குக் கேன்வா எளிது. மூலம் அவர்கள் கணக்கிலேயே இருக்கும் என்பதை மறக்காமல் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகவும் இறக்கி வையுங்கள். கோட்டோவியம், வரைபடம் என்றால் இங்க்ஸ்கேப். சிறு புத்தகம், மலர் போடும் நிலை வந்தால் ஸ்கிரிபஸ், 1.6 அல்லது அதற்குப் பிந்தையதை எடுங்கள், பழைய 1.4-இல் தமிழ் சரியாக வராது. எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ, முக்தா மலர், கட்டமரான், மீரா இனிமை என்று நல்லவை பல, திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சுக்கும் பயன்படுத்தலாம். வீடியோவுக்கு ஷாட்கட். 4 ஜிபியில் மெதுவாகத்தான் போகும், 720-இல் வைத்து வேலை செய்யுங்கள். பலரும் சொல்லும் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருள் அந்த மெஷினில் ஏறாது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தம்பிக்கு: கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் இபேர்டு (பார்த்த பறவைகளைப் பதிவதற்கு), மெர்லின் இரண்டும் இலவசம். மெர்லின் குரலைக் கேட்டுப் பறவைப் பெயர் சொல்லும், சொன்னதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே இபேர்டில் பதிய வேண்டும். உங்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் பக்கம்தான், திருப்பூர் நஞ்சராயன் குளமும் எட்டும் தூரம், இரண்டும் இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. அங்கே எடுக்கும் நல்ல படங்களை விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில் ஏற்றினால் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் ஆகும்.

இதுவரை சொன்னவை நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருவதில் என் கருத்தும் கலந்திருக்கிறது. வலைப்பூவில் வருமானம் வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2018-இலிருந்து கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை ஏற்கிறது, ஆனால் நடுகல்லும் கும்மியும் எழுதி அதில் பெரிதாக வரும் என்று நான் நம்பவில்லை, அதை எதிர்பார்த்து எழுதினால் என்ன எழுதுவது என்பதே மாறிவிடும். ஒலியை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற திறந்த மூலக் கருவி 2022-இல் வந்தது, தமிழும் எடுக்கும். தெளிவான மேடைப் பேச்சுக்கு உதவலாம், பல்லில்லாத வாயில் வரும் கொங்குப் பேச்சுக்கும் பாட்டுக்கும் என் அனுபவத்தில் உதவவில்லை, நாளை தேறலாம். சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரியானவற்றிடம் ஊர் வரலாறு கேட்காதீர்கள். இல்லாத கல்வெட்டையும் ஆண்டையும் நம்பும்படியாகச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு இருக்கிறது, ஒருமுறை உங்கள் பதிவில் ஏறிவிட்டால் அதையே பத்துப் பேர் எடுத்துப் போடுவார்கள், அப்புறம் அது வரலாறாகிவிடும். ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்திக்கு என்ன அர்த்தம், இந்த மென்பொருளில் இந்த மெனு எங்கே இருக்கிறது என்பதற்குக் கேட்கலாம்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். நடுகல் இருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிடுவதா என்பதை யோசித்து முடிவெடுங்கள். காட்டுக்குள் தனியாக நிற்கும் கல் காணாமல் போவதற்கு ஒரு வரைபடப் புள்ளி போதும். போன் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், கேமரா செட்டிங்கில் லொகேஷனை நிறுத்தலாம், அல்லது உங்கள் மூலப் பிரதியில் வைத்துக்கொண்டு வெளியிடும் பிரதியில் மட்டும் எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி கொண்டு அழித்துவிடலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஆய்வாளர் யாராவது நாளை கேட்டால் இடம் உங்களிடம் இருக்க வேண்டும். ஊர்ப் பெயர் வரை போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, பாடுகிறவரின் சம்மதம். நாட்டுப்புறப் பாட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம், ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடியவருக்கு அவர் பாடியதன் மேல் உரிமை இருக்கிறது, 50 வருடத்துக்கு. காகிதம் நீட்டிக் கையெழுத்து கேட்டால் பெரியவர்கள் பயந்துவிடுவார்கள். பதிவின் தொடக்கத்திலேயே, "அம்மணி, இதை எல்லோரும் கேட்கிற மாதிரி இன்டர்நெட்டில் போடட்டுங்களா?" என்று கேட்டு அவர் சொல்லும் பதிலையும் சேர்த்தே பதிந்துவிடுங்கள். பெயரைப் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது தேதி, ஊர், பாட்டு வகை, வரிசை எண் என்ற ஒழுங்கில் ஒரே மாதிரி வையுங்கள், தேதியில் ஆண்டு முதலில் வரட்டும், அப்போதுதான் ஃபோல்டரில் கால வரிசைப்படி தானாக அடுக்கிக்கொள்ளும். மூலப் பதிவுகளை லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள், பென்டிரைவை வருடத்துக்கு ஒருமுறையாவது செருகித் திறந்து பாருங்கள்.